டீச்சரிடம் கேளுங்கள்: “பள்ளிக்கூடம் வேண்டாம்” என்று நிற்கும் பிள்ளைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: படிப்பை விட்ட பிள்ளை, விடப்போகிற பிள்ளை, விட்டுவிட்டு வீட்டுக்குள் கிடக்கிற பிள்ளை. ஆகவே புலமைப்பரிசில் பரீட்சை பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வடக்கில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டீச்சர், என் மகனுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. காலையில் யூனிபோர்ம் போட்டுக்கொண்டு போகிறான். பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை என்பது வகுப்பாசிரியை போன் பண்ணிய பிறகுதான் தெரியும். அப்பா கட்டாரில், அங்கிருந்து ஏசுகிறார். என் அண்ணன், “கராஜில் சேர்த்துவிடு, தொழிலாவது பழகட்டும்” என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: கராஜ் பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். 2016இல் வந்த விதிப்படி 5 வயதிலிருந்து 16 வயது வரை பிள்ளை கட்டாயம் படிக்க வேண்டும். 2021இல் ஒருவரை வேலைக்கு வைக்கக்கூடிய குறைந்த வயதையும் 14இலிருந்து 16 ஆக உயர்த்திவிட்டார்கள். ஆபத்தான வேலைகளுக்கு 18. உங்கள் அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனால் அவனைச் சேர்க்கிற கராஜ்காரருக்கு அது வில்லங்கம்.

சரி, சட்டம் ஒருபக்கம் கிடக்கட்டும். இன்று இரவு மகனுடைய கொப்பிகளை எடுத்து மேசையில் வையுங்கள். அவனுக்குத் தெரியாமல் அல்ல, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. கணிதக் கொப்பியின் முன்பக்கங்களில் திகதி போட்டிருக்கும், சிவப்பு மையில் கோடு அடித்திருக்கும், எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஓரிடத்தில் திகதி நின்றுபோகும். அடுத்த பக்கங்களில் கணக்கு மட்டும் இருக்கும், விடை இருக்காது. அப்புறம் வெறும் பக்கங்கள், கடைசி மட்டையில் கிரிக்கெட் ஸ்கோர். இப்படிப்பட்ட கொப்பிகள் ஏராளம் பார்த்திருக்கிறேன். திகதி எங்கே நிற்கிறதோ அந்தக் கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று யோசியுங்கள். லீவில் வந்த அப்பா திரும்பிப் போன கிழமையா? வகுப்பு மாற்றிய தவணையா? எல்லாப் பாடமும் ஒரே சமயத்தில் நின்றிருந்தால் வீட்டிலோ கூட்டாளிகளிடமோ ஏதோ நடந்திருக்கிறது. ஒரு பாடம் மட்டும் முன்னதாகவே நின்றிருந்தால் அந்த வகுப்பறையில் தேடுங்கள். அங்கே அடி இருக்கலாம், கேலி இருக்கலாம். ஒன்றுமே விளங்காமல் பாடவேளை முழுக்க உட்கார்ந்திருக்கிற வெட்கமாகவும் இருக்கலாம். என் அனுபவத்தில் கடைசியாகச் சொன்னதுதான் அதிகம், அதைத்தான் எந்தப் பையனும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

கண்டுபிடித்ததை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியையிடம் போங்கள். பிள்ளை வராவிட்டால் போன் பண்ணிக் கேட்கிற ஆசிரியை கிடைப்பதே பெரிய விஷயம், அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரையும் சந்தியுங்கள். “பெயரை வெட்டிவிட்டோம்” என்று யாராவது சொன்னால் அதோடு வீடு திரும்பாமல் வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். இடைவிலகிய பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார். எந்த நாளில் அவர் ஒபிஸில் இருப்பார் என்று கிராம சேவகரிடம் விசாரித்துக்கொண்டு போனால் வீண் அலைச்சல் இல்லை.

இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்து வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தன் மேசைக்கு வருகிறதைத்தான் பார்ப்பார். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிற உத்தியோகம் அரசாங்கத்தில் கிடையாது. அந்த வேலை உங்களுக்கு, அல்லது உங்கள் அண்ணனுக்கு. கராஜுக்குக் கூட்டிப்போக அவருக்கு நேரம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

பொலிஸைக் கொண்டு வெருட்டுகிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கட்டாரில் இருக்கிறவரிடம், ஒரு கிழமைக்குப் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் மகனோடு மற்றக் கதைகளைக் கதைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு இருபது வயது. ஓ.எல்லில், அதாவது சாதாரண தரப் பரீட்சையில், கணிதத்தோடு சேர்த்து நான்கு பாடம் பெயில். பதினேழு வயதிலிருந்து வாகன ஏசி திருத்துகிற கடையில் நிற்கிறேன். வேலை நன்றாகத் தெரியும், ஆனால் கையில் ஒரு பேப்பரும் இல்லை. வெளிநாட்டுக்குக் கேட்டாலும் சேர்ட்டிபிக்கட் கேட்கிறார்கள். திரும்ப ஓ.எல் எழுதத்தான் வேண்டுமா?
– பஞ்சிகாவத்தையில் வேலை செய்யும் வாசகர்

பதில்: விரும்பினால் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம், வயது ஒரு தடை இல்லை. ஆனால் உங்கள் தேவைக்கு அதைவிடக் கிட்டிய வழி ஒன்று இருக்கிறது.

தேசிய தொழிற் தகைமை, அதாவது என்.வி.கியூ, 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம் வரை போகும். அதை எடுக்கப் பயிற்சி நிலையத்தில் மாதக்கணக்காக உட்கார்ந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. வேலை செய்தே பழகியவர்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற முறையும் உண்டு. ஆர்.பி.எல் என்று கேளுங்கள், எல்லா இடத்திலும் அப்படிச் சொன்னால்தான் புரிகிறது. ராஜகிரியவில் உள்ள நைட்டா என்ற அரச தொழிற்பயிற்சி நிறுவனத்திலும் நாரஹேன்பிட்டியில் உள்ள தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் விசாரிக்கலாம். மதிப்பிடுகிறவர் கேள்வி கேட்பார், வேலையைச் செய்து காட்டச் சொல்வார். ஆகவே இன்றிலிருந்தே நீங்கள் கழற்றிப் பூட்டுகிற கொம்பிரஷர், காஸ் அடிக்கிற வேலை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வாகனம், என்ன கோளாறு, எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். எப்போதிலிருந்து வேலை செய்கிறீர்கள் என்று முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நல்ல முதலாளி என்றால் தயங்க மாட்டார். ஆள் போய்விடுவான் என்று பயந்தால், ஊருக்குள்ளேயே இருக்கப்போகிறேன் என்று பொய் சொல்லாமல், சான்றிதழ் உள்ள ஆள் கடையில் நின்றால் அவருக்கும் மதிப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மதிப்பீடு எந்த மொழியில் நடக்கும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள். கொழும்பில் பல பயிற்சிகள் சிங்களத்தில்தான் நடக்கின்றன. பஞ்சிகாவத்தையில் நிற்கிற உங்களுக்குப் பேச்சுச் சிங்களம் தண்ணீர் பட்டபாடாக இருக்கும், ஆனால் கேள்வித்தாளை வாசிக்கிறது வேறு கதை. அன்று போய் முழிக்காதீர்கள்.

3, 4ஆம் மட்டங்கள் சான்றிதழ். 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம், யுனிவோடெக், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, இந்தப் பாதையில் வருகிறவர்களுக்காகவே. நீங்கள் அதுவரை போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஓ.எல்லில் பெயிலான அன்றே கதவு மூடிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: தங்கையின் மகனுக்குப் பதினேழு. ‘ஐஸ்’ போதைப்பொருள் பாவிக்கிறானோ என்று சந்தேகம். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?
– கிராண்ட்பாஸ் வாசகர்

பதில்: சோதித்து, ஆம் என்று வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? அந்தப் பதில் இல்லாமல் சோதனை வேண்டாம். தேசிய அபாயகரமான ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு அழைத்து ஆலோசகரிடம் பேசுங்கள். முதலில் நீங்களோ தங்கையோ பேசினால் போதும், பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. அவன் தூக்கமில்லாமல், யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்ற மாதிரிப் பேசினால் தாமதிக்காமல் வைத்தியசாலை. மனநலத்துக்கு 1926 இருக்கிறது. மனம் விட்டுப் பேச ஒருவர் போதும் என்றால் 1974 முதல் தொண்டர்களே நடத்துகிற சுமித்ரயோ, ஹோர்ட்டன் பிளேஸில்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அக்காவின் மகன் பதினாறு வயதில் படிப்பை விட்டபோது கவுன்சிலிலிருந்து தேடி வந்தார்களாம். இங்கே ஏன் அப்படி யாரும் வருவதில்லை?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: இங்கிலாந்தில் 2013இல் 17 வயது வரை, 2015இலிருந்து 18 வயது வரை ஏதோ ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்று சட்டம். முழுநேரப் பள்ளிதான் என்றில்லை, தொழில் பழகலாம், வேலை செய்துகொண்டு பகுதிநேரமாகவும் படிக்கலாம். 16, 17 வயதுக்காரர் யார் எங்கே இருக்கிறார் என்று கணக்கு வைத்திருப்பது உள்ளூராட்சியின் கடமை. அதனால்தான் வந்தார்கள். அதற்கு வெளியே தொண்டு அமைப்புகளும் உண்டு. இப்போதைய அரசர் இளவரசராக இருந்தபோது 1976இல் தொடங்கிய பிரின்ஸஸ் டிரஸ்ட், 2024இல் கிங்ஸ் டிரஸ்ட் என்று பெயர் மாறியது, இப்படிப்பட்ட இளைஞர்களைத்தான் பார்க்கிறது.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று அக்கா சொன்னால் பாதியை நம்புங்கள். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை 16க்குப் பிறகும் படித்தால் கிழமைக்கு 30 பவுண் வரை கையில் கொடுத்தார்கள். 2011இல் இங்கிலாந்தில் அதை நிறுத்திவிட்டார்கள், ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் விடவில்லை. 2001இல் பெரிய எடுப்பில் வந்த கனெக்ஷன்ஸ் என்ற இளைஞர் சேவையும் காசு குறைந்ததும் சுருங்கி மறைந்தது.

அந்த 30 பவுணில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. இங்கே 1945 முதல் இலவசக் கல்வி. புத்தகம் இலவசம், சீருடைத் துணி கிடைக்கிறது. ஆனால் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது பஸ் காசு, சப்பாத்து, டியூஷன் காசு. 2022இல் பெட்ரோல் வரிசையும் விலைவாசியுமாக இருந்த மாதங்களில் வராமல் போன பிள்ளைகளில் சிலர் பிறகு வரவே இல்லை. தேடி வருகிற அதிகாரியைவிட அந்தப் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டது சப்பாத்து.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள், எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மோதறையில் ஒரு தோட்டத்துக் குடியிருப்பில் ஞாயிறு காலையில் இலவச வகுப்பு நடத்துகிறோம். முதலில் முப்பது பிள்ளைகள் வந்தார்கள், இப்போது ஆறு பேர். மனம் விட்டுப்போகிறது.
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: ஞாயிறு காலையில் ஒரு பாதிப் பிள்ளைகள் பூசைக்கோ அறநெறிக்கோ போவார்கள். மற்றப் பாதி ஆறு நாள் பள்ளிக்கூடம், டியூஷன் என்று அலைந்துவிட்டுத் தூங்கும். நாளை மாற்றுங்கள், கிழமை நாளில் மாலை நல்லது.

அதைவிட முக்கியமானது, வந்த ஆறு பேர் யார்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளாக இருந்தால் உங்கள் வகுப்பு இன்னொரு டியூட்டரி ஆகிவிட்டது. நீங்கள் தேடிப் போனவர்கள் வெளியே நிற்கிறார்கள். வராதவர்களின் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டு பேராக வீடு வீடாகப் போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், “உன்னைக் காணவில்லையே” என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஐந்து பேரும் மாறி மாறி வருவதை நிறுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு எப்போதும் ஒரே அண்ணா, ஒரே அக்கா. எட்டாம் வகுப்பில் படிக்கிறவனுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாவிட்டால் எட்டாம் வகுப்புப் புத்தகத்தைத் திறக்காதீர்கள், மற்றவர்கள் முன்னால் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தையும் திறக்காதீர்கள். பஸ் பலகை, கிரிக்கெட் செய்தி, போனில் வருகிற மெசேஜ் என்று அதிலிருந்து தொடங்குங்கள். பிளேன்டீயும் பணிஸும் கட்டாயம்.

பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கிராம சேவகருக்கும் சொல்லி வையுங்கள். எந்தப் பிள்ளையோடும் ஒருவர் தனியாக அறையில் இருக்கக் கூடாது. யாராவது ஒரு பிள்ளை அடி, தொந்தரவு என்று சொன்னால் நீங்களே விசாரணை நடத்தாமல் சிறுவர் பாதுகாப்புக்கான 1929 தொலைபேசிக்குச் சொல்லுங்கள். அப்புறம், பிள்ளைகள் கொப்பி வாங்குகிற படத்தை பேஸ்புக்கில் போடுகிற வழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பதினான்கு வயதுப் பையன் வராமல் போவதற்கு அது ஒன்றே போதும்.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. அம்மா குவைத்தில், நானும் நான்கு வயதுத் தம்பியும் அம்மம்மாவோடு. ஓ.எல்லில் மூன்று பாடம்தான் பாஸ். தம்பியைப் பார்க்க வீட்டில் நிற்கிறேன். எல்லோரும் தையல் பழகச் சொல்கிறார்கள். எனக்குக் கம்பியூட்டர்தான் விருப்பம்.
– வாசகி, மட்டக்குளி

பதில்: அப்படியானால் கம்பியூட்டரையே கேளுங்கள் மகள். தையல் நல்ல தொழில், பிடித்தவர்கள் பழகட்டும்.

இரண்டு வழி இருக்கிறது. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியில், ஓ.எல் பெறுபேறு எப்படி இருந்தாலும் உயர்தரத் தொழிற்கல்விப் பிரிவில் சேரலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை. உங்களுக்குக் கிட்ட எங்கே தமிழில் இருக்கிறது என்று கொழும்பு வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்க வேண்டும். மற்றது, தொழிற்பயிற்சி அதிகார சபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் போன்றவற்றின் கணினிப் பயிற்சிகள். கட்டணம், நேரம், மொழி மூன்றும் பயிற்சிக்குப் பயிற்சி மாறும், சேருமுன் கேளுங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், ஓ.எல் பெறுபேறு, அடையாள அட்டை நான்கையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். அடையாள அட்டைக்கு 15 வயதிலேயே விண்ணப்பிக்கலாம், இன்னும் எடுக்காவிட்டால் கிராம சேவகரிடம் இந்தக் கிழமையே போங்கள். தம்பிக்கு நான்கு வயது என்றால் முன்பள்ளிக்குப் போகிற வயது. அவன் முன்பள்ளி நேரத்தில் உங்கள் வகுப்பு அமைகிறதா என்று பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். அம்மாவுக்கு நீங்கள் சொல்ல முன்னர் அம்மம்மாவுக்குச் சொல்லி, விசாரிக்கப் போகிற அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையைப் பிறகு யார் பார்ப்பது என்ற கேள்வியை வீட்டில் முதலில் கேட்கப்போகிறவர் அவர்தான்.