நடிகர் பிரதாப் போத்தன் இயக்குநராக எப்படி? அவருக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம்?

எனக்குச் சொந்த ஊர் கேத்தி. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் மலை ரயில் எங்கள் ஊரைத் தாண்டினால் அடுத்து நிற்பது லவ்டேல், அதற்கடுத்து ஊட்டி. லவ்டேல் லாரன்ஸ் பள்ளியில்தான் பிரதாப் போத்தன் படித்தார். இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதாமல் போனால் அப்பா கனவில் வந்து திட்டுவார்.

அப்பா ஊட்டியில் தையல்காரர். உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உல்லன் கோட்டு தைப்பது அவர் தொழில். பிரதாப் திரையில் வந்தாலே பக்கத்து சீட்டுக்காரரிடம் "நம்ம லவ்டேல் பையன்" என்பார். இத்தனைக்கும் அவர் தையல் மெஷினில் உட்காரும்போது பிரதாப் படிப்பை முடித்துப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு பட்டன்கூட அவருக்கு வைத்துக் கொடுத்ததில்லை. ஆனாலும் உரிமை கொண்டாடுவதில் குறை வைக்கவில்லை.

பிரதாப் பிறந்தது 1952, திருவனந்தபுரம். வசதியான மலையாளக் குடும்பம். அண்ணன் ஹரி போத்தன் படத் தயாரிப்பாளர். லவ்டேலுக்குப் பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரி, அப்புறம் விளம்பரக் கம்பெனிகளில் வாசகம் எழுதும் வேலை. மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவின் ஆங்கில நாடகத்தில் நடித்ததைப் பார்த்துத்தான் மலையாள இயக்குநர் பரதன் அவரை 1978இல் 'ஆரவம்' படத்துக்குக் கூப்பிட்டார். மறு வருஷமே 'தகரா'. அதில் சூதுவாது தெரியாத, வளர்ந்த குழந்தை மாதிரியான ஒருவன். அந்த வேஷம் நன்றாக அமைந்ததுதான் அவருக்கு வரமும் வினையும். மனம் கொஞ்சம் பிசகிய ஆளா, பிரதாப்பைக் கூப்பிடு என்று ஆகிவிட்டது.

1980ஐ மட்டும் பாருங்கள். பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யில் கொலைகாரன். பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தில் ஸ்ரீதேவியை விடாமல் சுற்றும் நாடக இயக்குநர். மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யில் சுஹாசினியின் பொறுமையான கணவர். மூன்று பெரிய இயக்குநர்கள், ஒரே வருஷம், ஒரே மூக்குக்கண்ணாடி. மூன்றாவதைத்தான் நான் உயர்த்திச் சொல்வேன். பைத்தியமாக நடிப்பதைவிட, மனைவியின் மனம் இன்னொரு பக்கம் இருக்கிறது என்று தெரிந்தும் கத்தாமல் இருக்கும் ஆளாக நடிப்பது சிரமம்.

ஊட்டிக்காரர்களுக்கு என்னவோ 'மூடுபனி'தான் கணக்கு. கதாநாயகியைக் கடத்திக்கொண்டு அவர் வந்து சேர்வதே எங்கள் ஊருக்குத்தானே. இளையராஜாவின் நூறாவது படம் அது. கிட்டாரை வைத்துக்கொண்டு அவர் 'என் இனிய பொன் நிலாவே' பாடுவதைக் காதல் பாட்டு என்று கல்யாண வீடுகளில்கூடப் போடுகிறார்கள். கடத்திவந்த பெண்ணுக்குக் கொலைகாரன் பாடும் பாட்டு அது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. யேசுதாஸ் குரல் செய்த வேலை! இங்கே நாங்கள் மூடுபனி என்று சொல்வதில்லை, "மிஸ்ட் இறங்கிருச்சு" என்போம். அந்தப் படத்துக்குப் பிறகு சாயங்காலம் மிஸ்ட் இறங்கினால் என் பெரியம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். "அந்தக் கண்ணாடிக்காரன் வந்துருவான்டா."

அடுத்த வருஷமே அதே மலையில் அவரை நல்லவராக்கிக் காட்டியது 'பன்னீர் புஷ்பங்கள்'. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் காதல் கதை, பாரதி - வாசு இரட்டையரின் முதல் படம். அதில் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் வாத்தியார் அவர். அப்பா இதை ஐந்து தடவை பார்த்தார். கதைக்காக அல்ல, பிள்ளைகள் போட்டிருந்த ஸ்வெட்டருக்காக என்று அம்மா கிண்டல் செய்வார்.

இனி இயக்கம். அதைத்தானே கேட்டிருக்கிறீர்கள்.

முதல் படம் 'மீண்டும் ஒரு காதல் கதை'. மூளை வளர்ச்சி குறைந்த இருவருக்கு இடையிலான காதல். நடித்தவர்கள் அவரும் ராதிகாவும், தயாரிப்பு ராதிகா. அறிமுக இயக்குநருக்கான இந்திரா காந்தி தேசிய விருது அதற்குக் கிடைத்தது. மற்றவர்கள் தன்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட அதே வேஷத்தை எடுத்து, கேமராவுக்குப் பின்னால் இருந்தும் ஒருமுறை பார்த்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். ஆனால் விருது வேறு, கல்லாப்பெட்டி வேறு. நான் பிற்பாடு வேலை பார்த்த குன்னூர் கேசட் கடையில் அந்தப் படத்தை யாரும் கேட்டு வந்ததாக ஞாபகம் இல்லை.

பிறகு அவர் வழி மாறியது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதிய 'ருதுபேதம்', அடுத்து 'டெய்சி'. தமிழில் சத்யராஜை வைத்து 'ஜீவா', 1989 தீபாவளிக்குக் கமலை வைத்து 'வெற்றி விழா'. பழசெல்லாம் மறந்துபோன நாயகன், சலீம் கவுஸ் என்ற மிரட்டலான வில்லன். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் லட்லமின் 'தி போர்ன் ஐடென்டிட்டி' நாவலிலிருந்து பிறந்த கதை. ஹாலிவுட் அதே நாவலை மேட் டாமனை வைத்துப் பெரிய திரைக்குக் கொண்டுவந்தது 2002இல்தான். 'மைடியர் மார்த்தாண்டன்', 'மகுடம்', 'லக்கிமேன்' எல்லாம் பொழுதுபோக்கு வகை. கவுண்டமணி எமனாக வருவதற்காக 'லக்கிமேன்' பார்க்கலாம், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். 1997இல் சிவாஜியையும் மோகன்லாலையும் சேர்த்து 'ஒரு யாத்ராமொழி' எடுத்தார்.

என்னைக் கேட்டால் இயக்குநர் பிரதாப்பின் ஆச்சரியம் 1994இல் வந்த 'சீவலப்பேரி பாண்டி'. ஜூனியர் விகடனில் சௌபா எழுதிய தொடரிலிருந்து எடுத்தது. திருநெல்வேலிச் சீமை, அரிவாள், வெயில், சாதி, நெப்போலியனின் மீசை. லவ்டேலில் படித்து ஆங்கில நாடகம் போட்ட மனிதர் அந்த மண்ணை எடுத்திருக்கிறார் என்று எந்த ஃபிரேமும் காட்டிக்கொடுக்காது. தன் கை தெரியாமல் எடுத்ததால்தானோ என்னவோ, நல்ல இயக்குநர்கள் பட்டியலில் அவர் பெயரை யாரும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ஆள் எடுத்தது மாதிரி இருக்கும். அதை நான் குறையாகவும் சொல்வேன். 'மீண்டும் ஒரு காதல் கதை' எடுத்தவரிடமிருந்து அந்த வரிசையில் இன்னும் இரண்டு மூன்று வந்திருக்க வேண்டும்.

அப்புறம் 2012இல் '22 ஃபீமேல் கோட்டயம்' படத்தில் வில்லனாக வந்து புதுத் தலைமுறையையும் பயமுறுத்தினார். 2022 ஜூலை 15 அன்று சென்னையில் காலமானார். வயது 69.

கேசட் கடை ஞாபகம் ஒன்று. கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் லாரி டிரைவர் ஒருவர், மாதம் இரண்டு தடவையாவது 'சீவலப்பேரி பாண்டி' வாங்கிப் போவார். ஒருநாள் "இதை எடுத்தது யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டு 'மூடுபனி' அட்டைப் படத்தைக் காட்டினேன். நம்பவே இல்லை. "இந்தக் கண்ணாடிக்காரரா? சும்மா இருங்க தம்பி" என்று சிரித்துவிட்டு அந்தக் கேசட்டையும் கேட்டு வாங்கிப் போனார். மறுநாளே திரும்பி வந்தது, ரீவைண்ட் செய்யாமல், பாதியில் நின்றபடி.

"முழுசாப் பாக்கலைங்களா?"

"எங்கீங்க... ராத்திரி மிஸ்ட்டுக்குள்ள தனியா மலை எறங்கோணுமில்ல."