பல் தேய்ந்த குதிரைக்கு என்ன போடுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மெரினாவில் சவாரிக்குப் போய்க்கொண்டிருந்த குதிரை. வயது 22 இருக்கும். புல்லை மென்று மென்று உருண்டையாகக் கீழே போட்டுவிடுகிறது. அடம் பிடிக்கிறதா? (திருவல்லிக்கேணி வாசகர்)

அடம் இல்லை, அரைக்க முடியவில்லை. குதிரையின் கடைவாய்ப்பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மி.மீ. வரை ஈறிலிருந்து மேலேறும். ஏறக்குறைய அதே அளவு தேயும். இருபதைத் தாண்டினால் ஏறி வருவதற்கு உள்ளே மிச்சம் அதிகம் இருக்காது. அரைக்கும் பரப்பு வழவழப்பாகும், சில பற்கள் ஆடும், சந்தில் புல் சிக்கி அழுகும்.

கீழே விழுந்த உருண்டையைப் பிரித்துப் பாருங்கள். நார் நீளம் குறையாமல் கயிறு மாதிரி முறுக்கிக் கிடந்தால் பல்தான் காரணம். லத்தியில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் கரைத்தும் பார்க்கலாம். நன்றாக மென்றிருந்தால் பெரும்பாலான நார் அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். விரல் நீள நாரும் முழுக் கொள்ளும் அப்படியே வந்தால், போட்டது உடம்பில் ஒட்டவில்லை.

வாய் நாறினாலோ ஒரே ஒரு மூக்குத் துளையில் சளி வடிந்தாலோ காத்திருக்காதீர்கள். பல் வேரில் சீழ் பிடித்திருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இந்த வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து பார்ப்பது அவசியம். ஆனால் அரம் அளவோடு போட வேண்டும். கூர்முனையை மட்டும் ராவினால் போதும். தேய்ந்த பல்லை மேலும் ராவினால் ஈடுகட்டப் புதிதாக எதுவும் ஏறி வராது.

புல்லுக்குப் பதில் எதை, எவ்வளவு கொடுப்பது? கொள்ளை மட்டும் கூட்டினால் போதுமா? (நீலாங்கரை வாசகர்)

போதாது. கிழக்குதிரை இளைத்தால் நம் ஊரில் முதலில் கொள்ளைத்தான் கூட்டுகிறார்கள். பெருங்குடல் ஓடுவது நார்ச்சத்தால். நாரைக் குறைத்துத் தானியத்தை ஏற்றினால் வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும்தான் வரும். அதே நாரை, மெல்லத் தேவையில்லாத பதத்தில் நாம் அரைத்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் எடை. முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவு × சுற்றளவு × நீளம், வகுத்தல் 11,880. சுற்றளவு 165, நீளம் 145 என்றால் சுமார் 332 கிலோ. இதில் 2 சதவீதம், அதாவது உலர் எடையில் ஆறரை கிலோ, ஒரு நாள் தீவனம்.

அந்த எடைக்கு ஒரு கணக்கு: குதிரைமசால் (லூசர்ன் என்ற தீவனப்பயிர்) பெல்லட் 3 கிலோ, நன்றாகக் காய்ந்த புல்லைப் பொடியாக அரைத்தது 2 கிலோ, நசுக்கிய ஓட்ஸ், கோதுமைத் தவிடு, கொள்ளு தலா அரை கிலோ. கொள்ளை இரவே ஊறப்போட்டு, விரலால் நசுங்கும்வரை வேகவைத்து ஆறவிடுங்கள். தவிட்டைக் கூட்ட வேண்டாம். அதில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் குறைவு. மாதக்கணக்கில் தவிட்டையே நம்பினால் தாடை எலும்பு ஊதிவிடும். மசாலில் உள்ள கால்சியம்தான் இங்கே ஈடு.

ஒரு கிலோ பெல்லட்டுக்கு 2 முதல் 3 லிட்டர் தண்ணீர், ஒரு மணி நேர ஊறல். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிசையுங்கள். உள்ளே கடினமாக ஒரு பருக்கை தட்டுப்பட்டாலும் இன்னும் ஊற வேண்டும். கூழ் பதம் வந்ததும் நான்கைந்து வேளையாகப் பிரித்துப் போடுங்கள்; கடைசி வேளை இரவு 10 மணிக்கு. ஒவ்வொரு வேளைக்கும் தனியாக ஊறவையுங்கள். சென்னை வெயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் புளிப்பு வாடை வந்துவிடும். மிச்சத்தைக் கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த வேளை.

இன்னும் சதை பிடிக்கவில்லையா? சமையல் எண்ணெய் 50 மி.லி.யில் தொடங்கி, மூன்று வாரத்தில் 200 மி.லி. வரை ஏற்றலாம். உப்பு தினம் 30 கிராம், வேர்த்தால் கூடுதல். பழைய தீவனத்திலிருந்து புதியதுக்கு 10 முதல் 14 நாளில் மெதுவாக மாற்றுங்கள். இளசான அருகம்புல்லைச் சமாளிக்க முடிந்தால் கொஞ்சம் போடுங்கள். மென்றால்தான் எச்சில் ஊறும்.

வைக்கோலை ஊறவைத்துப் போடலாமா? அடுக்குமாடித் தோட்டத்தில் வெட்டிய புல் சும்மா கிடைக்கிறதே? (வேளச்சேரி வாசகர்)

இரண்டும் வேண்டாம். வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்து குறைவு, ஊறினாலும் நார் குறுகாது. மெஷினில் வெட்டிய புல் குவியல் சீக்கிரம் சூடேறி நொதிக்கும், வயிறு ஊதும். அதில் அரளி இலை கலந்திருந்தால் உயிரே போகும். மாட்டுத்தீவனம், கோழித்தீவனம் பக்கமும் போகாதீர்கள். சிலவற்றில் கலக்கும் மொனென்சின், சலினோமைசின் என்ற மருந்துகள் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துவிடும்.

தின்னும்போதே இருமி, கழுத்தை நீட்டி, இரண்டு மூக்கிலும் பச்சை நுரை தள்ளியது. என்ன செய்வது? (மாதவரம் வாசகர்)

உணவுக்குழாயில் தீவனம் அடைத்துக்கொண்டது. தீவனம், தண்ணீர் இரண்டையும் உடனே எடுத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி நிற்க விடுங்கள். எண்ணெயோ தண்ணீரோ வாயில் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அரை மணிக்குள் தானாக இறங்காவிட்டால் டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். இறங்கினாலும் மூன்று நாள் காய்ச்சல் பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவசரமாக விழுங்கும் குதிரையாக இருந்தால், வாயில் கவ்வ முடியாத அளவில் இரண்டு வழவழப்பான பெரிய கற்களைத் தொட்டியில் போட்டுவையுங்கள். அவற்றைத் தள்ளித் தள்ளித் தின்பதால் வேகம் குறையும்.

எல்லாம் ஊறவைத்துத்தான் போடுகிறேன். ஆனாலும் முதுகு வற்றி வயிறு தொங்குகிறது. சித்திரையிலும் நீளமுடி உதிரவில்லை. (தாம்பரம் வாசகர்)

இது பல் விஷயம் மட்டும் இல்லை. தலையிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறு வயதான குதிரைகளுக்கு வரும். தண்ணீர் அதிகம் குடிக்கும், சிறுநீர் அதிகம் போகும், குளம்பு நோய் திரும்பத் திரும்ப வரும். ஏ.சி.டி.ஹெச். (அந்தச் சுரப்பி சுரக்கும் ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பெர்கோலைடு என்ற மருந்து உண்டு. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கக் கொடுக்க வேண்டியிருக்கும். வெல்லம், கரும்பு, பன், பிஸ்கட் எதுவும் வேண்டாம். ஓட்ஸை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மசாலைக் கொஞ்சம் கூட்டுங்கள்.