கயிறு வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு வாங்குங்க

வெள்ளியங்கிரி சீசன் வந்துட்டாலே நமக்கு வர்ற கேள்வில பாதி மலையப் பத்தித்தான் இருக்கும். கோயமுத்தூர்ப் பக்கம் மலையில மாட்டிக்கிட்டவங்கள எறக்கிக் கூட்டிட்டு வர்ற தன்னார்வக் குழு ஒண்ண பத்து வருசத்துக்கு மேல நடத்திக்கிட்டு இருக்கறேனுங்க, அதுல பட்டுத் தெரிஞ்சத வெச்சுத்தான் இந்தத் தடவ பதில்.

"அண்ணா, நாங்க 12 பேரு மாசம் ஒருக்கா மலையேறுவோம். போன சீசன்ல எங்க கண்ணு முன்னாடியே ஒருத்தரு நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு, என்ன பண்றதுன்னே தெரியாம நின்னோம். அதுல இருந்து ஒரு மீட்புக்குழு ஆரம்பிக்கோணும்னு இருக்கறோம். 40 ஆயிரம் ரூவா சேத்தாச்சு. மொதல்ல என்ன கயிறு வாங்கறது?" – ஒரு வாசகர், பெருந்துறை

தம்பி, மொதல்ல ஒரு நோட்டு வாங்குங்க, நெசமாத்தான் சொல்றேன். அதுல 12 பேரோட ரத்த வகை, வீட்டுல யாரு போன் எடுப்பாங்க, யாருக்கு என்ன ஷிப்ட், யாருகிட்ட வண்டி இருக்குது எல்லாம் எழுதுங்க, எழுதிட்டு ஒரு செவ்வாக்கெழம ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டா எத்தன பேரு வருவாங்கன்னு பாருங்க. ஒருத்தருக்கு மில்லுல நைட் ஷிப்ட் இருக்கும், ஒருத்தரு வெடியால பால் கறக்கோணும், இன்னொருத்தரு சம்சாரம் மாசமா இருப்பாங்க. எங்க லிஸ்ட்ல 30 பேரு இருந்தப்போ மொத அழைப்புக்கு வந்தது 5 பேருங்க. ஸ்ட்ரெச்சர்ல ஒரு ஆளத் தூக்க ஒரு நேரத்துக்கு 6 பேரு வேணும், படியும் பாறையுமா இருக்கற எடத்துல சித்த நேரத்துலயே கை விட்டுப்போயிரும், மாத்தி மாத்தித் தூக்க 18 பேராவது இருந்தாத்தான் கொஞ்ச தூரமாச்சும் போக முடியும். அதனால அடிவாரத்து ஊருக்காரங்க, டோலி தூக்கறவங்க, மலைச்சனங்க இவங்ககிட்ட இப்பவே போய்ப் பழகுங்க, அவங்களுக்குத் தெரிஞ்ச தடம் நம்ம மேப்புல இருக்காதுங்க.

அந்த நோட்டுல இன்னொரு பக்கம் வேணும். யாரு எத்தன மணிக்கு மேல போனாங்க, எத்தன மணிக்கு எறங்குனாங்கன்னு. ஒரு தடவ ராத்திரில 9 பேரு போய், மலை மேல இருக்கற கைதட்டி சுனைங்கற எடத்துக்கு மேல முடியாமக் கெடந்த பெரியவர ஒருத்தர எறக்கி 108-ல ஏத்தியும் விட்டாச்சு, திரும்பி எண்ணிப் பாத்தா 8 பேருதான் நிக்கறோம். சின்னப் பையன் ஒருத்தனக் காணோம். ஏற்கெனவே காலு ரெண்டும் நடுங்கிட்டு இருந்த ரெண்டு பேரு திரும்ப ஏறுனாங்க, யானை நடமாட்டம் இருக்கற காடு வேற, மூணு மணி நேரம் தேடியிருக்கறாங்க. கடைசில பாத்தா அவன் முட்டி வீங்கிப்போய் சாமி கும்புட்டு எறங்குன கூட்டத்தோடவே எங்களுக்கு முன்னாடி எறங்கி, அடிவாரத்துப் பூண்டில ஒரு ஓரமா உக்காந்து தூங்கிட்டு இருந்தான், மூங்கில் தடி மேலயே சாஞ்சு தூங்குனதுல கணு கன்னத்துல அப்படியே பதிஞ்சு போய்க் கெடந்துச்சு. அவனத் திட்ட எனக்கு வாய் வரல, மேல இருந்து கெளம்பையில எண்ணாம விட்டது நானு. அன்னைல இருந்து நோட்டோட ஒருத்தரு அடிவாரத்துலயே உக்காந்திருப்பாரு, என்ன ஆனாலும் அவரு மலையேற மாட்டாரு.

அப்புறம் அனுமதி. காப்புக்காட்டுக்குள்ள வனத்துறைக்குச் சொல்லாமப் போறது குத்தமுங்க, காப்பாத்தத்தான் போனோம்னு சொன்னாலும் செல்லாது. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல 20 பேருக்கு மேல செத்தாங்களே, அதுல நம்ம ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தாங்க, அந்த வருசமே மலையேத்தத்துக்குன்னு தனியா விதிமுறை வந்துச்சு. ரேஞ்சர் ஆபீஸுக்கு நேர்ல போய் லிஸ்டக் குடுத்து, நீங்க கூப்பிட்டா வர்றோம், கூப்பிடாம வரமாட்டோம்னு சொல்லிட்டு வாங்க. 7 பேரு இருந்தா சங்கமாப் பதிவு பண்ணலாம். ஆப்த மித்ராங்கற பேரிடர் தன்னார்வலர் பயிற்சி பத்திக் கலெக்டர் ஆபீஸ் பேரிடர் பிரிவுல கேளுங்க.

பணத்துக்கு ஹெல்மெட், தலையில மாட்டற லைட், நல்ல ஸ்ட்ரெச்சர் ஒண்ணு, மீதிக்கு எல்லாருக்கும் முதலுதவிப் பயிற்சி. கயிறு அடுத்த வருசம் பாத்துக்கலாம், அதையும் யாரோ ஏறிப் பழகுனத வாங்காதீங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவர நடக்க வெச்சுக் கூட்டிட்டு வரக்கூடாது, கேஸுதான்னு சோடா குடுத்து நேரம் போக்கவும் கூடாது. பேச்சுமூச்சு இல்லைன்னா உடனே நெஞ்சுக்கு நடுவுல அழுத்த ஆரம்பிக்கோணும், 5 செ.மீ. ஆழம், நிமிசத்துக்கு 100-ல இருந்து 120 தடவ. இதுக்குக் கயிறே வேண்டாமுங்க, நீங்க அன்னைக்குப் பாத்தவருக்குத் தேவைப்பட்டிருந்தாலும் இதுதான் தேவைப்பட்டிருக்கும்.

"மாடு தேடப்போன பெரியப்பா பொழுது விழுந்தும் திரும்பல. ஊரே டார்ச் எடுத்துட்டு 50 பேரு கரடு ஏறிட்டோம். வெடியால அவரே வந்துட்டாரு. நாங்க பண்ணது சரிங்களா?" – ஒரு வாசகர், காங்கேயம்

பெரியப்பா வந்துட்டாருல்ல, அது போதுமுங்க. ஊரே கெளம்புன மனசுக்குக் கும்பிடு, ஆனா 50 பேரு ஒண்ணா ஏறுனா கால்தடம் பூரா அழிஞ்சுபோயிரும், இருட்டுல இன்னும் ரெண்டு பேரு விழுவாங்க. மொதல்ல கடைசியா அவரப் பாத்தது யாரு, எந்த எடம், என்ன செருப்புன்னு கேட்டு எழுதிக்கோணும். போலீஸுக்கு 112-ல சொல்லோணும். வீட்டுல ஒருத்தரு கட்டாயம் இருக்கோணும், பல பேரு தானாத்தான் வீட்டுக்கு வந்து நிப்பாங்க. கரட்டுல இருந்து எறங்கற தடம் ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு பேர நிக்க வெச்சுட்டு, தடம் தெரிஞ்ச நாலு பேரு மட்டும் உள்ள போகோணும். கூப்பிட்டுட்டு ஒரு நிமிசம் எல்லாரும் மூச்சுக்காட்டாம நிக்கோணும், இத யாருமே செய்யறதில்ல, 50 பேரும் கத்திட்டே இருந்தா அவரு மொனகறது எப்படிக் காதுல விழும்?

அவருகிட்ட போன் இருந்தா ஒறம்பரை எல்லாரும் மாத்தி மாத்திக் கூப்பிட்டு சார்ஜ முடிச்சுராதீங்க, ஒரே ஆளு பேசோணும். டவர் இல்லாட்டியும் போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யும், நிக்கற எடத்தக் காட்டற ஜிபிஎஸ் நம்பர எப்படிப் பாக்கறதுன்னு ஆடு மாடு மேய்க்கப் போறவங்களுக்கு இப்பவே சொல்லிக்குடுங்க, கழுத்துல ஒரு விசிலும் போட்டுவிடுங்க. நிமிசத்துக்கு 6 தடவ ஊதிட்டு ஒரு நிமிசம் நிப்பாட்டித் திரும்பவும் ஊதுனா ஆபத்துன்னு அர்த்தம், கேட்டவங்க 3 தடவ ஊதிப் பதில் குடுக்கோணும்.

"சூலூர்ல ஏர்ஃபோர்ஸ் இருக்குது, ஹெலிகாப்டரக் கூப்பிட்டா முடிஞ்சுதே?" – ஒரு வாசகர், பல்லடம்

கூப்பிடறது நாம இல்லைங்க, மாவட்ட நிர்வாகம் வழியாத்தான் கேக்க முடியும். வந்தாலும் காத்து, மரம், பாறை விடோணும். 2022 பிப்ரவரில பாலக்காட்டுப் பக்கம் மலம்புழாவுல ஒரு பையன் பாறைப் பொந்துல 40 மணி நேரத்துக்கு மேல மாட்டியிருந்தானே, ஹெலிகாப்டர் வந்து பாத்தும் அந்த எடத்துல எடுக்க முடியல. நம்ம வெலிங்டன்ல இருந்து போன ராணுவக்காரங்க உள்ள டீம்தான் கயிறு கட்டி எறங்கி மேல கொண்டுவந்துச்சு, அதுக்கப்புறம்தான் உச்சில இருந்து ஹெலிகாப்டர்ல எறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க.

"எம்பையன் ஒரு மீட்புக்குழுவுல இருக்கறான். ராத்திரி போன் வந்தா எந்திரிச்சு ஓடிருவான். போகாதேன்னு சொல்ல மனசு வரல, போயிட்டு வாடான்னு சொல்லவும் வாய் வரல." – ஒரு தாய், கோபி

அக்கா, எங்கம்மாவும் இப்படித்தான் திண்ணையில உக்காந்திருந்தாங்க. தைரியமா இருங்கன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லைங்க. ஆனா அவன்கிட்ட ரெண்டு கேள்வி கேளுங்க. அடிவாரத்துல யாரு உங்கள எண்ணறாங்க? எறங்குனதும் தூங்காமயே பைக் ஓட்டிட்டு வர்றீங்களா? எங்க குழுவுல ரெண்டு மணி நேரமாவது படுத்து எந்திரிக்காம யாரும் வண்டியத் தொடக்கூடாது. பொணம் தூக்கிட்டு வந்த அன்னைக்கு ஒண்ணும் கேக்காதீங்க, சுடுதண்ணி வெச்சுக் குடுங்க, சோறு போடுங்க, அவனாச் சொன்னாக் கேட்டுக்குங்க. வாரம் கழிச்சும் தூக்கம் வராமத் திரிஞ்சான்னா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

உங்க நம்பர் அந்த நோட்டுல இருக்குதான்னும் கேளுங்கக்கா. எங்க நோட்டுக்காரரு கடைசி ஆளு எறங்குனதும் எந்த நேரமா இருந்தாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் கூப்பிட்டு ஒரே வரிதான் சொல்லுவாரு, "எறங்கிட்டாங்கம்மா, எண்ணிட்டேன், எல்லாரும் இருக்கறாங்க."