காலித் தோட்டா மாலையை ஊருக்குக் கொண்டு வரலாமா?

கேள்வி: டிசம்பரில் எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்குக்குப் போகிறேன். ஏகே-47 வைத்திருக்கும் முர்சி பழங்குடி ஆண்களைப் படம் எடுத்தால் சிக்கல் வருமா? 'ஆயுதப் படத்துக்கு பர்மிட்' என்று ஏஜென்ட் தனியாக 200 டாலர் கேட்கிறார். காலித் தோட்டா கோர்த்த மாலை வாங்கி வரலாமா? (வாசகர், கோவை)

பதில்: அந்த 200 டாலரைக் கொடுக்காதீர்கள். ஜிங்கா ஊரிலிருந்து மாகோ தேசியப் பூங்கா வழியாக முர்சி கிராமத்துக்குப் போக, பூங்கா நுழைவு, கூட வரும் ஆயுதக் காவலர், உள்ளூர் வழிகாட்டி, கிராமக் கட்டணம் என்று நான்கு செலவு உண்டு. 'பர்மிட்'டுக்கு எந்த அலுவலகம் முத்திரை போட்டு ரசீது தரும் என்று எழுத்தில் கேளுங்கள், பேச்சு மாறும். கட்டணத்தை ஒரு பலகையில் எழுதி வைக்கக்கூட அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. 2023-ல் அந்தப் பகுதி இருந்த மாநிலமே பிரிந்து 'தெற்கு எத்தியோப்பியா' ஆனது. பழைய ரேட்டைக் காட்டி வாதாடவும் முடியாது. தரகருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதைவிட மோசம் 'போட்டோ பேக்கேஜ்'. டிரைவர் மொத்தமாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். படத்துக்கு நின்றவருக்கு ஒன்றும் போகாது, கோபம் உங்கள் மேல் திரும்பும். நிற்பவர் கையிலேயே பணம் கொடுங்கள். கேமராவைத் தூக்குவதற்கு முன்பே தொகையைப் பேசி முடியுங்கள். ஷட்டர் சத்தத்தை எண்ணுவார்கள், அதனால் ஒரே அழுத்தில் பல படம் எடுக்கும் 'பர்ஸ்ட்' வேண்டாம். ஃபிரேமில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் காசு, இடுப்புக் குழந்தைக்கும் சேர்த்து. கிழியாத 10, 50 பிர் (எத்தியோப்பியப் பணம்) நோட்டுகளை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் சிலர் குடித்திருப்பார்கள், பேரம் சண்டையாகும்.

துப்பாக்கி உங்களுக்காக வைத்திருப்பதல்ல. 1987-ல் பக்கத்து இனமான ஞாங்காடோம், தானியங்கித் துப்பாக்கிகளோடு வந்து முர்சிகளில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. சூடான் போரும், 1991-ல் எத்தியோப்பியாவின் டெர்க் ராணுவ ஆட்சி கவிழ்ந்ததும் ஏகே-வை மலிவாக்கின. மாட்டைக் காப்பதும் அதுதான், மாடுகளோடு பரிசப் பொருளாகப் போவதும் அதுதான். செல்ஃபிக்காகக் கையில் வாங்காதீர்கள்.

இனி மாலை. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தோட்டாவின் முன்பக்கம் குண்டு முனை இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். பின்பக்கம் நடுவில் உள்ள சின்ன வட்டத்தில், அதாவது பிரைமரில், பள்ளம் விழுந்திருந்தால் அது சுட்டு முடித்தது என்று விற்பவர் சொல்வார். அடி பட்டும் வெடிக்காத தோட்டாவிலும் அதே பள்ளம் இருக்கும். காலிக் கூட்டில் அழகுக்காக முனையைச் செருகினதும் உண்டு, எக்ஸ்ரேயில் அது முழுத் தோட்டா மாதிரியே தெரியும். முனையும் இல்லாத வெறும் கூடு என்றாலும் நம் 1959 ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகத்தையும் 'அம்யூனிஷன்' கணக்கில் சேர்க்கிறது. 'செக்-இன் பையில் போடுங்கள், ஒன்றும் ஆகாது' என்பார் கடைக்காரர். அந்தப் பையும் ஸ்கேன் ஆகும். பையில் தோட்டா இருந்தது தெரியாது என்று வாதிட்டுத் தப்பியவர்கள் உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்கியவர், அந்த வாதம் உங்களுக்கு உதவாது. விமானத்தை விட்டு, ஸ்டேஷனில் உட்கார்ந்து, பிறகு வக்கீல் செலவு.

பைனாகுலரும் ட்ரோனும் எடுத்துப் போகாதீர்கள், அடிஸ் அபாபா விமான நிலையத்தில் பிடித்து வைப்பார்கள்.

நினைவுப் பொருள்தான் வேண்டும் என்றால் அதே பள்ளத்தாக்கில் ஓமோராட்டே ஊரில் தாசனெச் இனப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டில் மூடி, ஓடாத கைக்கடிகாரம், சிம் கார்டு எல்லாம் கோர்த்துத் தலையணி செய்கிறார்கள். அதை ஸ்கேனரில் போட்டால் யாரும் உங்களைத் தனியாகக் கூப்பிட மாட்டார்கள்.