கூகியும் கழிவறைக் காகிதமும்: வாசகர் கேள்விகள்

கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ குறித்து வந்த கேள்விகளில் சில.

கே: ஆங்கிலத்தில் நான்கு நாவல் எழுதும்வரை சும்மா இருந்த அரசு, ஒரே ஒரு நாடகத்துக்காக அவரைச் சிறையில் போட்டது ஏன்?

கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறதே! 1977இல் வந்த நான்காவது நாவலில் ஆட்சியாளர்களை அவர் சும்மா விடவில்லை. ஆனாலும் அந்த வெளியீட்டு விழாவுக்கு நிதியமைச்சர் முவாய் கிபாகியே வந்தார். ஆங்கிலப் புத்தகத்தை யார் வாங்குவார்கள், யார் படிப்பார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அதே ஆண்டு அக்டோபரில் லிமுருவை ஒட்டிய காமிரீது கிராமத்தில், கூகி வா மிரியீ என்ற இன்னொரு எழுத்தாளருடன் சேர்ந்து தன் தாய்மொழியான கிக்கூயுவில் இவர் எழுதிய நாடகம் மேடையேறியது. நடித்தவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகள், தொழிலாளிகள். ஒன்றரை ஏக்கர் வைத்திருந்த குடும்பம் அதைப் பணக்காரனிடம் பறிகொடுக்கும் கதை. பார்த்தவர்களில் பலருக்கு அது சொந்தக் கதை. ஆறே வாரத்தில் உரிமத்தை ரத்து செய்தார்கள். டிசம்பர் 31 அன்று கூகியைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கே: என்ன குற்றச்சாட்டு? எத்தனை ஆண்டு தண்டனை?

குற்றச்சாட்டும் கிடையாது, வழக்கும் கிடையாது. தடுப்புக்காவல். என்றைக்கு வெளியே விடுவார்கள் என்று கைதிக்குத் தெரியாது. அதுவே பெரிய வதை. அடைத்த இடம் காமிதி சிறை. ஆங்கிலேயர் 1957இல் கென்ய விடுதலைப் போராளி டெடான் கிமாதியைத் தூக்கிலிட்டதும் அங்கேதான். கூகியை அடைத்தபோது அதிபராக இருந்த ஜோமோ கென்யாட்டாவும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டவர் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா! கென்யாட்டா இறந்து, மோய் பதவிக்கு வந்தபின் 1978 டிசம்பர் 12இல்தான் விடுதலை.

கே: கழிவறைக் காகிதத்தில் நாவல் எழுதினாராமே, பேனா பட்டால் கிழியாதா?

நாம் ஓட்டலில் பார்க்கிற மெத்தென்ற தாள் என்று நினைத்துவிட்டீர்கள். சிறையில் கொடுத்தது கெட்டியான, சொரசொரப்பான தாள். உடம்புக்கு ஆகாதது பேனாவுக்கு ஒத்துவந்தது என்று கூகியே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். பேனா கிடைத்தது, வாக்குமூலம் எழுதித் தருவார் என்ற நம்பிக்கையில்! ஒரு சோதனையில் எழுதியதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, சில வாரம் கழித்து அதிகாரி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் காகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மொழிதான். எந்த மொழிக்காக அடைத்தார்களோ, அதிலேயே அவர் முதல்முறையாக நாவல் எழுதியது அந்த அறையில்தான். தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்று வந்திருக்கிறது.

கே: விடுதலைக்குப் பிறகாவது நிம்மதியாக இருந்தாரா?

பல்கலைக்கழக வேலை திரும்பக் கிடைக்கவில்லை. 1982இல் காமிரீது அரங்கைப் போலீஸ் தரைமட்டமாக்கியது. அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டு வாசம். 2025 மே மாதம் இறந்ததும் அமெரிக்காவில்தான்.

கே: கதாபாத்திரத்தையே கைதுசெய்யச் சொன்னார்களாமே, கட்டுக்கதையா?

கூகியே எழுதிவைத்திருக்கிறார். 1986இல் வந்த கிக்கூயு நாவல் ‘மாதிகாரி’. மாதிகாரி என்று ஒருவன் ஊர் ஊராகப் போய் நியாயம் கேட்கிறான் என்று ஜனங்கள் பேசிக்கொள்வதாக உளவுத்துறைக்குத் தகவல் வந்தது. ஆளைப் பிடிக்க உத்தரவு. போலீஸ் தேடிப் பார்த்தால், அவன் புத்தகத்துக்குள் இருக்கிறான். 1987 பிப்ரவரியில் கடைகளுக்குள் புகுந்து, இருந்த பிரதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள்.