அப்பளமாக எழும்பும் ஓரம்: தையல் கேள்வி பதில்

கேள்வி: மிஞ்சிய பிளவுஸ் பிட்டுகளையும் பாப்ளினையும் இரண்டரை இஞ்சு பட்டைகளாக வெட்டி, மும்மூன்றாக இணைத்து, அதைச் சதுரங்களாக நறுக்கி, ஒன்றை நிமிர்த்தி ஒன்றைப் படுக்க வைத்துத் தைத்திருக்கிறேன். வீடியோவில் இதை ரெயில் ஃபென்ஸ் என்றார்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம். என் முதல் குயில்ட் (மேல் துணி, உள்ளடுக்கு, அடித்துணி என மூன்றடுக்கு ஒட்டுப் போர்வை) இது, மேல் துணி முடிந்துவிட்டது. ஆனால் தரையில் விரித்தால் நடுவில் படிகிறது, ஓரம் மட்டும் அப்பளம் மாதிரி எழும்புகிறது. நடுவில் அளந்தால் 48 இஞ்சு, ஓரங்களில் 49½. ஓரத்தை வெட்டி நேராக்கலாமா, பார்டர் வைத்தால் சரியாகுமா?
— வாசகி, ஈரோடு

பதில்: முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். ஓரத்தை வெட்டினால் வெளிக்கட்டங்கள் ஒல்லியாகுமே தவிர அலை போகாது, ஏனென்றால் அங்கே துணி நீண்டு கிடக்கிறது, வெட்டிய பிறகும் நீண்டுதான் கிடக்கும்.

மூன்று பட்டை சேர்ந்த ஆறரை இஞ்சுச் சதுரம் தையலுக்குப் போக ஆறு இஞ்சு, எட்டுக்கு 48, இரண்டு ஓரத்திலும் தையலுக்கு மிஞ்சும் கால் கால் சேர்த்து, உங்கள் கணக்குப்படி 48½ வரவேண்டும். நடுவில் அரை இஞ்சு குறைவு, அது ஒரு விஷயமே இல்லை. ஒரு வரிசையில் மொத்தம் 15 தையல் வருகிறது, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் அளவு கூடுதலாகப் பிடித்திருந்தாலே அரை இஞ்சு காணாமல் போய்விடும். ஓரத்தின் கதை வேறு. நடுவில் இருக்கும் துணியை நாலு பக்கமும் தையல் பிடித்து வைத்திருக்கிறது, ஓரத்துக்கு அந்தப் பிடிப்பு இல்லை. இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குத் தேய்ப்பது போல இழுத்து இழுத்துத் தேய்த்திருப்பீர்கள், அதில் நீண்டிருக்கும். இந்த வேலையில் பெட்டியை வைத்து, அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

பார்டர் வைத்தால் சரியாகும், ஆனால் எல்லோரும் வைக்கிற மாதிரி வைத்தால் ஆகாது. நீளமான பட்டையை ஓரத்தில் வைத்துக் கடைசிவரை தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டுவார்கள், அப்போது பார்டரும் 49½-க்குப் போய் அலையை நிரந்தரமாக்கிவிடும். நீங்கள் நடு அளவை எடுங்கள். மூன்றரை இஞ்சு அகலத்தில், சரியாக 48 நீளத்துக்கு இரண்டு பட்டை. பட்டையிலும் ஓரத்திலும் பாதி, கால், முக்கால் இடங்களில் சாக்பீஸால் குறி போட்டு, குறிக்குக் குறி குண்டூசி குத்துங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே மேல் துணி கொஞ்சம் தொய்வாக நிற்கும். அந்தத் தொய்வான பக்கம் கீழே, துணியை நகர்த்தும் மெஷின் பல்லைத் தொட்டபடி இருக்கட்டும், பார்டர் மேலே இருக்கட்டும். கீழே இருப்பதைப் பல் சற்று வேகமாகத் தள்ளும் என்பதால் ஒன்றரை இஞ்சு உபரியைச் சுருக்கம் தெரியாமல் அதுவே விழுங்கிவிடும். இரண்டு பக்கம் முடிந்ததும் தேய்த்துவிட்டு, மற்ற இரண்டுக்கும் மறுபடி நடுவில்தான் அளக்கவேண்டும், இந்த முறை பார்டரையும் சேர்த்து.

பார்டர் வேண்டாம் என்றால், சுற்றிலும் விளிம்பிலிருந்து அரைக்கால் இஞ்சு உள்ளே ஒரு ஓட்டம் தைத்துவிடுங்கள். அலை முழுதாகப் போகாது, ஆனால் மேற்கொண்டு நீளாது, விளிம்பில் முடியும் தையல்களும் பிரியாது. அப்புறம் துணியைத் திருப்பிப் போட்டு, தொங்கும் நூல்களை ஒன்று விடாமல் வெட்டுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தால் குயில்ட் முடிந்தபின் கோடு போட்டது போல் தெரியும், எடுக்கவும் முடியாது.

கேள்வி: மூன்று பட்டை சேர்த்தால் ஆறரை இஞ்சு வரவேண்டும், எனக்கு ஆறேகால்தான் வருகிறது. பட்டைகள் வில்லாகவும் வளைகின்றன. எல்லாவற்றையும் பிரித்துவிடவா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: பிரிக்கவே வேண்டாம்! தையலுக்குக் கால் இஞ்சுதான் விடவேண்டும், நீங்கள் அதற்கு மேல் வீசம் இஞ்சு, அதாவது பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக விடுகிறீர்கள். ஒரு தையலில் இரண்டு துணியிலும் அது போகிறது, இரண்டு தையலுக்கு மொத்தம் கால் இஞ்சு. எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி ஆறேகால் வந்தால் சதுரத்தையும் ஆறேகாலாகவே நறுக்குங்கள். ஆறரைக்கு நறுக்கினால்தான் நிமிர்ந்த கட்டமும் படுத்த கட்டமும் சேரும் இடத்தில் இழுபறி வரும். வளைவுக்குக் காரணம், எல்லாத் தையலையும் ஒரே முனையிலிருந்து தொடங்குவது. முதல் தையலை மேலிருந்து கீழே தைத்தால் அடுத்ததைக் கீழிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நீளமாகத் தைத்துப் பிறகு நறுக்குவது மேல்நாட்டுக் குறுக்குவழிதானே? நம் பக்கத்தில் இப்படி உண்டா?
— வாசகர், மதுரை

பதில்: அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் செமினோல் பழங்குடிப் பெண்கள் இதில் கைதேர்ந்தவர்கள். கையால் சுற்றும் தையல் மெஷின் அவர்களிடம் வந்தபின், 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பட்டைகளை இணைத்து, நறுக்கி, தள்ளி வைத்து மறுபடி இணைத்துப் பாவாடையும் சட்டையும் தைத்தார்கள். குளிருக்குப் போர்த்த அல்ல, உடுத்த! நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி என்ற ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகத்துப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். அதில் மெஷினும் இல்லை, தனியாக ஒரு மேல் துணியும் இல்லை. விளிம்பில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்துக் கையால் ஓட்டம் தைத்துக்கொண்டே நடுவுக்கு வருவார்கள்.

கேள்வி: மேல் துணி 54 இஞ்சுச் சதுரம். அடித்துணி எவ்வளவு, உள்ளே என்ன வைக்கலாம்?
— வாசகி, சேலம்

பதில்: அடித்துணி பக்கத்துக்கு மூன்று இஞ்சு கூடுதலாக, 60 இஞ்சு இருக்கட்டும். 60-க்கு 90 சிங்கிள் பெட்ஷீட் ஒன்று போதும், ஒட்டுப் போடவேண்டியதில்லை, ஆனால் துவைத்துச் சுருங்கவைத்த பிறகு அளந்து பாருங்கள். உள்ளே, நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு ஷீட் அதிகம் என்பேன். பழைய காட்டன் புடவையை இரண்டாக மடித்து வைத்தால் லேசாக இருக்கும், மெஷினிலும் சுலபமாக ஓடும். சாயம் போகிற புடவையாக இருந்தால் வேண்டாம். மூன்றையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவிலிருந்து வெளியே போங்கள்.