சேலத்திலிருந்து யாராவது கடற்கரை எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யும் குழுவில் போயிருக்கிறீர்களா? வேலை எப்படி இருக்கும்?

போயிருக்கிறேன். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஜல்லிக்கட்டுப் போராட்டம் அப்போதுதான் முடிந்திருந்தது. அதற்காகத் தொடங்கிய எங்கள் வாட்ஸ்அப் குழு கலையாமல் இருந்ததில், "எண்ணூர்ல ஆள் வேணுமாம்" என்று ஒரு செய்தி வந்தது. நான்கு பேர் ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டோம். அதுவரை நான் கடலைப் பார்த்ததே இரண்டு தடவைதான், இரண்டும் பள்ளிச் சுற்றுலா.

கசிந்த எண்ணெய் தண்ணீர்மேல் படலமாக மிதக்கும், வழித்து எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன். எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கிடந்ததைப் பார்த்தபோது ஓமலூர்ப் பக்கத்து ஆலைக்கொட்டாய் ஞாபகம் வந்தது. கொப்பரையை இறக்குவதற்குச் சற்று முன் வெல்லப்பாகு எப்படி இருக்கும்? அந்தப் பதம், தார் நிறத்தில். அது கப்பல் எஞ்சினில் எரிக்கிற கனமான எண்ணெய். அலை அடிக்க அடிக்கக் கடல்நீரை உள்ளே இழுத்துக்கொண்டு உப்பிவிடும். ஒரு பங்கு கசிந்தால் மூன்று, நான்கு பங்காகக்கூட அள்ள வேண்டிவரும். உறிஞ்சும் லாரிகள் திணறியதும் இதனால்தான். பக்கெட்டால் கடலைச் சுத்தம் செய்கிறார்கள் என்று ஊரே சிரித்தது, நானும் சிரித்தவன்தான். கடலரிப்புக்குப் போட்ட பாறாங்கற்களின் இடுக்கில் கையைத் தவிர எதுவும் நுழையாது என்பது அங்கே போய் நின்றபிறகுதான் புரிந்தது.

கல்லில் இறங்கி நிற்பவர் அள்ளித் தருவார். மற்றவர்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே டிரம்மில் கொட்டுவோம். அவ்வளவுதான் வேலை. அரை வாளிக்குமேல் நிரப்பாதீர்கள். முதல் நாள் வீறாப்பில் முழு வாளியைத் தூக்கி, வழுக்கி விழுந்து, முழங்கால் சிராய்த்ததுதான் எனக்கு மிச்சம். காலையில் வழித்த கல் மதியம் அலை ஏறியதும் மறுபடி கறுப்பாகிவிடும். உடம்பு வலியைவிட அதைப் பார்க்கத்தான் வெறுத்துப்போகும்.

நெடி தனிக்கதை. துணி மாஸ்க் அதற்கு ஒன்றும் செய்யாது. பதினொரு மணிக்கெல்லாம் தலை கனக்கத் தொடங்கும், நெடி வராதபடி காற்று வரும் பக்கமாகப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட வேண்டும். வீசிங் இருப்பவர்கள் தயவுசெய்து போக வேண்டாம்.

சாயங்காலம் சோப்பு, மணல், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்தோம், கை வெளுக்கவில்லை. எங்களில் ஒருவன் பெட்ரோல் தேடிப் போனான். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "தோலு உரிஞ்சிடும் தம்பி, இந்தா" என்று தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தார். எண்ணெயை எண்ணெயால்தான் எடுக்கணுமாம். தேய்த்துத் துணியால் துடைத்து, அப்புறம் சீயக்காய் போட்டோம், போய்விட்டது. அவர் மீன் விற்பவர். அந்த வாரம் கடற்கரை மீன் என்றாலே யாரும் கூடைப் பக்கம் வரவில்லையாம், அதனால் வீட்டில் இருக்கிறேன் என்றார்.

பதிவு செய்துகொண்ட குழுவோடு மட்டும் போங்கள். ரப்பர் கையுறை, முழங்கால்வரை பூட்ஸ், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய், தூக்கிப்போடத் தயாரான பழைய முழுக்கைச் சட்டை இரண்டு. நான் சட்டையை மனசில்லாமல் கவரில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்தேன். ஜோலார்பேட்டை தாண்டும்வரை, யார் டீசல் கொண்டுவந்தது என்று பெட்டி முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார்கள்.